அப்பா திரும்பத் திரும்பப் பார்த்த படம்

மலேசியாவில், ரவாங்கில் உள்ள என் வீட்டுத் தொலைக்காட்சியில் பழைய படங்கள் மட்டும் போடும் சேனல் ஒன்று வருகிறது. நேற்று போட்ட படத்தையே இன்றும் போட்டார்கள். "இதயே எத்தன தடவ லா போடுவான்?" என்று கணவர் அலுத்துக்கொண்டார். எனக்கு அப்பாவின் நினைவு வந்தது.

எண்பதுகளில், கோல சிலாங்கூர் பக்கம் நாங்கள் வேலை செய்து வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் வீட்டில் மட்டும்தான் வீடியோ இருந்தது. கேசட்டுகள் கொஞ்சம்தான். ஞாயிறு மதியம் போட்ட படத்தையே மறுபடியும் போடுவார்கள். மற்றவர்கள் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டார்கள். அப்பா மட்டும் ஒரு குறிப்பிட்ட படம் போடும்போதெல்லாம் தவறாமல் போனார்.

"பாத்த படத்துக்கு எந்த ஆம்பள சட்ட மாத்திக்கிட்டுப் போவான்?" என்றாள் அம்மா. கிராணி வீட்டில் சமைத்த பெண்ணின் மேல் அவளுக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கூடத்தில் அப்பா தனியாக, டிவிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் பதறவில்லை. திருவிழாக் காட்சியைக் காட்டி, "சீக்கிரம் வா, தேர் இழுக்குறவனப் பாரு. நம்ம தம்பிதானே?" என்றார். குடியுரிமை கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறிய சித்தப்பாவைப் பற்றிப் பல வருடங்களாக ஒரு தகவலும் இல்லை.

அம்மா குனிந்து பார்த்தாள். "ஆமாங்க, சின்னவருதான்" என்றாள். அப்பா அழுதுவிட்டார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குத் திரும்பும்போது, "நெசமாவே சித்தப்பாவாம்மா?" என்று கேட்டேன்.

"கேசட்டு தேஞ்சு போச்சுடி. ஒருத்தர் மூஞ்சியும் தெரியல" என்றாள் அம்மா. "அப்பாகிட்ட வாயத் தொறக்காத."