அக்காவுக்குக் கொடுக்காத மைக்

பெங்காலிகள் நிறைந்த டாக்குரியாவில் ரயில் பாதையோரக் குடிசைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு முப்பது வருடமாகத் தெருவில் நின்றவர் அக்கா. இன்னும் குழாய் வரவில்லை. கூட்டங்களில் கை ஒலிபெருக்கியை அவர் வாயருகே பிடிப்பது என் வேலை. "உனக்குப் பேச வராட்டி பரவாயில்லடி, பிடிச்சுக்கிட்டு நில்லு, போதும்," என்பார்.

சென்ற மாதம் எங்கள் பகுதி கிளப்பில் அவருக்குப் பாராட்டு விழா. ஒரு காலத்தில் அவர்மேல் போலீசில் புகார் கொடுத்த அதே ஆட்கள்தான் மேடையில் இருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒவ்வொருவராக எழுந்து அன்பின் வடிவம், நம் எல்லோருக்கும் தாய் என்றார்கள். போராட்டம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. குழாயைப் பற்றி மூச்சே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா மைக்குக்குக் கை நீட்டினார்.

"மாஷிமா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஒரு நமஸ்காரம் போட்டுட்டு உக்காருங்க," என்று கிளப் செயலாளர், சித்தி முறை வைத்து, பெங்காலியில் சொன்னார். கூட்டம் சிரித்தது.

நான் மேடையேறினேன். செயலாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, எப்போதும்போல அக்காவின் வாயருகே பிடித்தேன்.

"என்னடி, எங்கயோ பிடிக்கிற? நேராப் பிடி," என்று தமிழில் அதட்டினார். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்து பெங்காலியில் கேட்டார்: "சால்வை இருக்கட்டும். குழாய் எங்க?"

செயலாளர் அவசரமாக மிஷ்டி இனிப்பு டப்பாக்களை விநியோகிக்கச் சொன்னார். டப்பாவை வாங்கச் சிலர் எழுந்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. நானும் மைக்கை விடவில்லை.