பெட்டிக்குள் இருந்த முட்டைகளும் காலியான முகவரியும்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சமையலறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே நான் நடந்த நடையில் தரைக்கே வலித்திருக்கும். சாமான் அறையில் தெர்மோகோல் பெட்டி. அதற்குள் பல்பு, சின்ன மின்விசிறி, சூட்டை அளக்கும் சென்சார். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் சின்ன போர்டில் நான் சி மொழியில் எழுதிய நிரல். நடுவில் என் மாமியாரின் நாட்டுக்கோழி முட்டைகள்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் வீட்டில் கோழி வளர்ப்பு அத்தையின் ராஜ்ஜியம். அடைக்கோழி இருக்கப் பெட்டி எதற்கு என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் செவலைக் கோழியின் முட்டைகளைத் தந்தார். "குஞ்சு பொரிக்கலீன்னா பொட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன், பாத்துக்க அம்மிணி," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் செய்யக்கூடியவர். பாலிடெக்னிக்கில் படித்ததைக் கல்யாணத்தோடு மூட்டை கட்டி வைத்திருந்த எனக்கு அந்தப் பெட்டியை விட்டால் வேறு பிடிப்பு இல்லை.

முட்டை வைப்பதற்கு முன்பே ஒரு தப்பைப் பிடித்திருந்தேன். சென்சார் அளக்கும் சூட்டைப் புள்ளி இல்லாமல், முப்பத்தேழரை டிகிரி என்றால் 375 என்று வைப்பது என் கணக்கு. அதை நினைவகத்தில் ஒரே பைட் இடத்தில் திணித்துவிட்டேன். ஒரு பைட் 255-க்கு மேல் தாங்காது. 375 உள்ளே போய் 119 ஆகி உட்கார்ந்தது. அப்படியே விட்டிருந்தால் குளிர்கிறது என்று நினைத்துப் பல்பு எரிந்துகொண்டே இருந்து முட்டை வெந்திருக்கும். டேட்டா டைப்பை இரண்டு பைட்டாக மாற்றியதும் சரியானது. அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது.

முட்டை வைத்து, பொரிக்க வேண்டிய இருபத்தொரு நாளில் பாதி நல்லபடியாக ஓடியது. அப்புறம் அத்தைக்கு ஒரு யோசனை. "சூடு கொறைஞ்சா அது கத்தோணும். நான் தோட்டத்துல இருந்தாலும் கேக்கோணும்." நியாயம்தானே? பஸ்ஸரை மாட்டி அதற்கு ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலுக்குள் ஒரு குட்டி நிரல், எழுதிப் போர்டில் ஏற்றினேன். நிரலைப் போர்டுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் என்னவோ எச்சரித்தது. அது எப்போதும் முணுமுணுப்பதுதான் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம். மலைக் கணவாய்க் காற்று கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. முட்டையைப் புரட்டிவிடப் போன அத்தை போட்ட கூச்சலில் கையிலிருந்த கரண்டியைத் தவறவிட்டேன்.

"ஐயோ, ஐஸாட்ட இருக்குது! பல்பு எரியவே இல்லையே!"

பெட்டியின் சின்னத் திரையில் சூடு நாற்பத்தொன்று டிகிரி என்றிருந்தது. பஸ்ஸர் வாயே திறக்கவில்லை. கையை உள்ளே விட்டேன், அடுப்படியைவிடக் குளிர்ச்சி. அத்தை முட்டைகளைப் பழைய கம்பளியில் சுற்றி மடியில் ஏந்திக்கொண்டு, எங்களிடம் அப்போது அடையில் கோழி இல்லாததால் பக்கத்து வீடுகளுக்கு அடைக்கோழி கேட்டு ஓடினார். எங்கள் பக்கம் சர்க்கரை கேட்பது போல அடைக்கோழியும் கேட்கலாம், யாரும் இல்லையென்று சொல்வதில்லை.

நான் நின்றபடியே லேப்டாப்பைத் திறந்தேன். மஞ்சள் வரியை அப்போதுதான் படித்தேன். சூட்டைப் படிக்கும் ஃபங்ஷன், படித்த எண்ணைத் தனக்குள் போட்டு வைத்த ஒரு வேரியபிளின் முகவரியைப் பாயின்டராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த வேரியபிளுக்கு ஆயுசு முடிந்துவிடும். லாட்ஜ் அறையைக் காலி செய்துவிட்டுப் போனவரின் அறை எண்ணை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் வராதவரை அவர் விட்டுப்போன சாமான் அங்கேயே கிடந்தது, சரியாகத்தான் தெரிந்தது. பஸ்ஸர் ஃபங்ஷன் வந்து அதே அறையில் தங்கியது. அது அங்கே போட்டு வைத்த எண்ணைத்தான் நான் சூடு என்று படித்தேன். கத்தச் சொல்லி வைத்ததே வாயை அடைத்துவிட்டது. த்தூ, நானும் ஒரு படித்தவள்!

வேரியபிளை, நிரல் ஓடும்வரை முடியாத மெயின் ஃபங்ஷனில் வைத்தேன். அங்கே அது கடைசிவரை உயிரோடு இருக்கும். அதன் முகவரியை ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அதில் எழுதிவிட்டு வரச் சொன்னேன். சென்சார் பதில் தராவிட்டால், தரவில்லை என்று சொல்லவும் வைத்தேன். பல்பு எரிந்தது. ஐஸ்கட்டியை சென்சாருக்குப் பக்கத்தில் காட்டினேன், பஸ்ஸர் ஊரைக் கூட்டியது.

அத்தை திரும்பி வந்தார். இரண்டு அடைக்கோழி கிடைத்து, அவற்றை எங்கள் முற்றத்தில் உட்காரவைத்து அடியில் கொள்ளுமட்டும் முட்டை வைத்தாயிற்று. மீதி மடியில் இருந்தது. சாமான் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஃபோன் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தேன். அசைவு இல்லை. அடுத்ததிலும் இல்லை. "உசுரு இருக்குதா?" என்று அத்தை கேட்டபோது அடுத்ததை எடுத்தேன். மூன்றாவதில் சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு துள்ளியது. "இருக்குதுங்க அத்தை! இருக்குதுங்க!" என்று கத்திவிட்டேன்.

"இனி பொட்டி கெடாதுன்னு சொல்லு, வெக்கறேன்."

நேற்று கேட்டிருந்தால் மார் தட்டியிருப்பேன். "தெரியலீங்க அத்தை. கண்ட தப்பைச் சரி பண்ணீட்டேன். காணாதது இருந்தா நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு பொரிக்கும்வரை நான் உட்காரவில்லை. தெர்மாமீட்டரைப் பார்ப்பேன், வெளியே வருவேன், வாசல்வரை போய்விட்டுத் திரும்புவேன். சில முட்டைகள் கடைசிவரை திறக்கவே இல்லை. திறந்தவை ஈரத்தோடு தள்ளாடி வந்தன. அத்தை அவற்றை இருட்டும் நேரத்தில் அடைக்கோழியின் இறக்கைக்குள் ஒவ்வொன்றாகச் சொருகினார். கோழி கொக்கரிக்கவில்லை, கொத்தவும் இல்லை.

விடிந்ததும் முற்றத்தில் எல்லாம் ஒன்றாக மேய்ந்தன. பெட்டியில் பிறந்தது எது, கோழி பொரித்தது எது என்று குனிந்து குனிந்து தேடினேன். அத்தை குருணை இறைத்துக்கொண்டே சொன்னார்:

"என்னத்துக்கு அம்மிணி பிரிச்சுப் பாக்கறே? எல்லாம் நம்முளுதுதான்."

அப்போதுதான் அந்த முற்றத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.