கேசட் தீர்ந்த இடம்

ஆழ்வார்பேட்டை காபிக் கடையில் இன்று, சிறுவயதில் எனக்குப் பிடித்த ஒரு ஜாஸ் பாடகியின் மேடைக் கச்சேரிப் பதிவு ஓடியது. பாட்டுக்குப் பாட்டு கைதட்டல், எரிச்சலாக வந்தது. இதே கச்சேரியை அப்போது நான் கேசட்டில் கேட்டதில் கைதட்டலே கிடையாது. அப்போது இதே தெருவில் இருந்த, சூடேறிய டேப் வாசமும் அத்தர் வாசமும் கலந்து கிடந்த ரெக்கார்டிங் கடையில், இசைத்தட்டிலிருந்து பதியும்போது கேசட்டில் இடம் மிச்சம் பிடிக்க, கைதட்டல் வரும்போதெல்லாம் கடைக்கார பாய் பதிவை நிறுத்திவிடுவார். அப்படியும் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். போய்ச் சண்டை போட்டால், "அறுபது நிமிஷ கேசட்டும்மா, இன்னா பண்ணச் சொல்றே? மீதிய நீயே பாடிக்கோ" என்பார். பாடினேன். குளிக்கும்போதும் பள்ளிக்கு நடக்கும்போதும், அம்மா அதட்ட அதட்ட, வருடக்கணக்காக. இன்றுதான் பாட்டு அறுந்த அந்த இடத்தைத் தாண்டி அவளே பாடிக் கேட்டேன். நான் எப்போதும் குரலை ஏற்றும் இடத்தில் அவள் இறக்கி, தப்பாக முடித்தாள். அதற்கும் கைதட்டுகிறார்கள்.