முதல் பக்கத்து முத்திரை

போன சனிக்கிழமை சாயங்காலம் அங்கே இருந்தவர்கள் — மாலை வகுப்பு நடத்தும் சாந்தி டீச்சர், ஆறு பிள்ளைகள், வாசலில் ஒரு ஆடு, அப்புறம் கோவையிலிருந்து கதைப் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் நான். தொண்டாமுத்தூர் தாண்டி, மலையடிவாரத்தில் இருளர் குடியிருக்கும் பதி அது. ஏழாவதாக உட்கார வேண்டிய பவித்ராவைக் காணோம்.

நாலாம் வகுப்பு. போன முறை கடகடவென்று வாசித்துக் காட்டியவள்...

"மூணு வாரமா வர்றதில்லீங்க சார். காரணமும் சொல்ல மாட்டேங்கறா" என்றார் டீச்சர்.

எட்டாவதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் இப்படித்தான். ஒரு வாரம், இரண்டு வாரம்... அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கே போனோம். அவள் அம்மா மருதி சீமாறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் நான் கொடுத்த கதைப் புத்தகம். பாதிதான் இருந்தது.

"ஆடு தின்னுபோட்டுதுங்க."

"அட, போனாப் போகுதுங்க அம்மணி! பவித்ரா எங்கீங்க?"

"காட்டுக்குப் போயிருக்காளுங்க, கூலிக்கு வெங்காயத் தாள் அறுக்க. காசு கட்டோணுமில்லீங்க?"

என்ன காசு? மருதி முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊதா மையில் ஒரு முத்திரை: 'கிழித்தாலோ தொலைத்தாலோ முழு விலை கட்ட வேண்டும்.'

என் வேலைதான். புத்தகங்களை வாங்கிய அன்றே கவலை பிடித்துக்கொண்டது — தொலைத்துவிட்டால்? நனைத்துவிட்டால்? யானை வந்து வகுப்பு ஷெட்டை இடித்துவிட்டால்? "யானை புஸ்தகம் படிக்காதுங்க சார்" என்று டீச்சர் அன்றைக்கே சிரித்தார். கேட்டேனா? காந்திபுரத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து, எல்லாப் புத்தகத்திலும் நானே குத்தினேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அவதான் படிச்சுச் சொன்னா. சொல்லிப்போட்டு ஒரே அழுகை. டீச்சருகிட்டச் சொல்லாதேன்னு சத்தியம் வேற..."

"அதெல்லாம் சும்மா பயமுறுத்த எழுதினதுங்க. கட்டவே வேண்டாம்."

மருதி என்னையே பார்த்தார். "ஏனுங்க... புஸ்தகத்துல பொய்கூட எழுதுவாங்களா?"

ஆமாம் என்றால், மிச்சப் புத்தகங்களை அந்த வீடு எப்படி நம்பும்? இல்லை என்றால், முழு விலையும் கட்டியே ஆக வேண்டிய அந்தப் பிள்ளை என்ன ஆவாள்?

வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஆளாளுக்கு ஓடுகிறோம். கற்றுக்கொண்டதும் எது முதலில் கண்ணில் படும் என்று யோசிக்கிறோமா?

மருதி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பவித்ரா கூலியில் சேர்த்த எழுபது ரூபாயை என் கையில் வைத்தார். திருப்பித் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவே இல்லை.

"வெலை நூத்தி இருவதுன்னு அவ படிச்சுச் சொன்னாளுங்க. மிச்சத்தையும் கட்டிப்போட்டு வந்துருவா. அதுவரைக்கும் வகுப்புல அவ பேரை அடிச்சுப்போடாதீங்க சார்."

இன்னும் ஐம்பது ரூபாய் பாக்கி.