ஃபெலிமின் ஒரே மெட்டு

என் தங்கை சோர்சாவின் புருஷன் ஃபெலிம் ஓ கர்னினைப் போல யாழ் வாசிக்க லைட்ரிம் ஜில்லாவிலும் ரோஸ்காமன் ஜில்லாவிலும் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். ஆனால் பொய்யில்லை. பித்தளைக் கம்பியில் அவன் நகம் பட்டால் சாராயக் கடைக்காரன்கூட ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பான். பாட்டும் கட்டுவான். நீங்கள் வாசலில் நின்று கால் சேற்றைத் துடைப்பதற்குள் உங்கள் பெயரில் நாலு வரி தயாராக இருக்கும், அதில் இரண்டு வரி உங்கள் கஞ்சத்தனத்தைப் பற்றி இருக்கும்.

அவனுக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து கண் போய்விட்டது. அதற்காக யாரையும் உச்சுக்கொட்ட விடமாட்டான். கண்ணைவிட நகத்தைத்தான் பெரிதாகப் பார்த்துக்கொள்வான். நகம் உடைந்தால் யாழ்க்காரனுக்குப் பிழைப்பே உடைந்த மாதிரி. அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு கரிக்கட்டியை எடுத்து அடுப்பில் போட்டதில்லை, உருளைக்கிழங்குகூட உரித்ததில்லை. கதவை முழங்கையால்தான் திறப்பான்.

"நகம் மச்சான், நகம்" என்பான்.

"பத்து நகத்துக்கு ஒரு பொம்பளை வேலைக்காரியா மாப்ளே? என் தங்கச்சியை மட்டும் என்ன, நகமே இல்லாமலா பெத்துப் போட்டாங்க?" என்பேன். சிரித்துக்கொள்வான். வெட்கமில்லாத மனுஷன்.

ஊர் ஊராக அவனை அழைத்துப்போவது என் வேலை. பெரிய வீடு எதிலாவது நாலு நாள் தங்குவோம். ஆட்டுக்கறியும் வெண்ணெயும் விஸ்கியும் தருவார்கள். கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர் பெயரில் ஒரு பாட்டு கொடுத்துவிட்டு வர வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து முறை. ஒருவர் பெயரில் போட்ட பாட்டு அவருடைய சொத்து. அதை இன்னொருவருக்குக் கொடுப்பதும் அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதும் ஒன்று.

இங்கேதான் மாப்பிள்ளையின் வண்டவாளம் இருக்கிறது. வார்த்தை அவனுக்கு மழை மாதிரி கொட்டும். மெட்டு வராது. பிறர் போட்ட பழைய மெட்டுகள் நூறு வாசிப்பான். சொந்தமாக அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அது தேன். அந்த ஒன்றையே வீட்டுக்கு வீடு பெயர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ராணுவக்காரர் வீட்டில் தட்டித் தட்டி வாசிப்பான், விதவை வீட்டில் இழுத்து இழுத்து வாசிப்பான், குடிகாரர் வீட்டில் நடுநடுவே நிறுத்திக் குடிக்க இடம் விடுவான்.

"என்னைக்காவது மாட்டப்போற மாப்ளே."

"மெதுவா வாசிச்சா ஒப்பாரி, வேகமா வாசிச்சா கல்யாணம். எவனுக்குத் தெரியும் மச்சான்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். மாப்பிள்ளையின் புளுகு பதினைந்து வருஷம் ஓடியது. காரணம் நான். எந்த வீட்டுக்குக் கொடுத்தாயிற்று, எந்த வீட்டுக்கு எந்த வீடு சம்பந்தம் என்று எல்லாவற்றையும் மண்டையில் வைத்திருந்து, ஆபத்தான இடத்தில் அவன் காலை மிதிப்பேன்.

அவனுக்கும் சோர்சாவுக்கும் சொந்தமாக வீடு கிடையாது. அவள் என் வீட்டில் இருந்தாள். என் பெண்டாட்டி புரோனாவும் சோர்சாவும் தனித்தனியே தங்கமான பெண்கள். ஒரே அடுப்பில் வைத்தால் போச்சு. மோர்ப்பானை ஒரு சாண் நகர்ந்திருந்தால் மூன்று நாள் பேச்சு இருக்காது. "உன் தங்கச்சிக்கு ஒரு கூரை பார்க்க வக்கில்ல, ஊரெல்லாம் யாழைத் தூக்கிட்டுச் சுத்துற" என்று புரோனா தினமும் எனக்கு அர்ச்சனை செய்வாள். சோர்சா காதில் விழாதது மாதிரி இருப்பாள். ஆனால் ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தனியாக நின்று அழுததைப் பார்த்தேன்.

அப்போதுதான் டொனகா மக்ரானல் சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்த பழைய பெரிய குடும்பம் அவருடையது. மகள் மேவுக்குக் கல்யாணம். "என் பேர்ல ஒரு புதுப் பாட்டு போடு ஃபெலிம். சபை மெச்சிடுச்சுன்னா ஏரிக்கரையில இருக்கிற கல் வீடும் ரெண்டு மாட்டுக்குப் புல்லும் உன் ஆயுசு வரைக்கும் உனக்கு" என்றார்.

சோர்சா அன்றைக்கே ஏரிக்கரைக்குப் போய் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். புகைபோக்கி நேராக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தை ஃபெலிம் பார்த்திருக்க வேண்டும். பாவி, பார்க்க முடியாது.

"புதுசா போடு மாப்ளே, இந்த ஒரு தடவை" என்று கெஞ்சினேன்.

"போட்டுட்டேனே" என்றான். வாசித்துக் காட்டினான். அதே மெட்டுதான், குதிரை பாய்கிற வேகத்தில்.

மேவைக் கட்டப்போகிற பையனின் வீடு ஸ்லைகோ ஜில்லா என்றார்கள். ஸ்லைகோவில் அந்த மெட்டை நாங்கள் கொடுத்ததில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். முன்பு ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது ஃபெலிம் வேறொருவனைக் கூட்டிக்கொண்டு ஸ்லைகோவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்வந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே எந்த மெட்டைக் கொடுத்தான் என்று அவனும் வாய் திறக்கவில்லை.

கல்யாண விருந்து மத்தியானம். கூடம் நிறைய ஆட்கள். சோர்சா சமையற்கட்டில் ஒத்தாசைக்கு நின்றாள். ஃபெலிம் நடுவில் உட்கார்ந்து மக்ரானல் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான். சபை அப்படியே மயங்கிவிட்டது. ஒரு கிழவர் மேசையைத் தட்டினார். மக்ரானல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். வீடு கிடைத்த மாதிரிதான் என்று நான் ஒரு கிண்ணம் விஸ்கியை வாயருகில் கொண்டுபோனேன்.

அப்போது சம்பந்தி டைக் ஓ ஹார்ட் எழுந்தார். கல்யாணப் பையனின் அப்பா. ஆள் கதவு மாதிரி இருப்பார்.

"நிறுத்துய்யா! எங்க அப்பாவோட ஒப்பாரியாச்சே இது!"

யாழ் நின்றது. பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் பிண வீட்டுப் பாட்டு என்றால் கேட்கவா வேண்டும்?

"உங்களுக்கு ஏதாவது குழப்பமா..." என்று மக்ரானல் இழுத்தார். "இது என் பேர்ல போட்ட பாட்டு."

"பேரு உங்களுதா இருக்கலாம். பாட்டு எங்க அப்பனுது! அவர் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து இவன் வாசிச்சான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இப்ப அதுக்குக் குதிக்கச் சொல்றீங்களா?"

"அப்ப என் பேரை எடுத்து உங்க அப்பன் பொணத்து மேல போத்தினானா? எம் மக கல்யாணத்துல!"

"எங்க அப்பனைப் பொணம்ங்காதே!"

"பின்ன உசுரோடவா இருக்காரு?"

டைக் கறி வெட்டும் கத்தியை எடுத்தார். கறி வெட்ட இல்லை. மேவ் விசும்பத் தொடங்கினாள். "வா போலாம், இந்த சம்பந்தமே வேண்டாம்" என்று டைக் மகன் கையைப் பிடித்து இழுத்தார். மக்ரானல் ஃபெலிம் பக்கம் திரும்பினார்.

"சொல்லுடா. யார் பாட்டு இது?"

மக்ரானலுடையது என்றால் கத்தி. டைக்கின் அப்பாவுடையது என்றால் வீடு போச்சு. ஃபெலிம் நகத்தைக் கடிக்கத் தொடங்கினான். அவன் நகத்தைக் கடித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

சமையற்கட்டுக் கதவு திறந்தது. கையெல்லாம் மாவோடு சோர்சா வந்து நின்றாள்.

"ரெண்டு பேரோடதும் இல்லைங்க. அது என் பாட்டு."

"நீ யாரும்மா?" என்றார் டைக்.

"இவரு பெண்டாட்டி. என்னைக் கட்டிக்கிறதுக்கு முந்தி எனக்குப் போட்டது. கேளுங்க."

யாழ் இல்லாமல், மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல் பாடினாள்:

"சோர்சா வந்தா சுள்ளி எரியும்,
சொன்ன சொல்லுல பாலும் திரியும்,
கண்ணு போன எனக்கும் அவ
கால் சத்தத்துல விடிஞ்சது தெரியும்."

இரண்டாம் வரிக்கே சபை சிரித்தது. நாலாம் வரிக்கு யாரும் சிரிக்கவில்லை.

"உங்க அப்பா சாவுக்கு வெறுங்கையோட வர மனசில்லாம என்னோடதை எடுத்துக் குடுத்தாரு" என்று டைக்கிடம் சொன்னாள். "உங்களுக்கும் அப்படித்தாங்க, எசமான். வீட்டுல இருக்கிறதுலயே நல்லதைத்தானே விசேஷத்துக்கு எடுப்பாங்க? பாட்டுக்குச் சொந்தக்காரி நான். இன்னைக்கு இதைப் பொண்ணுக்குச் சீதனமாக் குடுத்துட்டேன். இனிமே மேவோட பாட்டு. ரெண்டு வீட்டுக்கும் பொது."

மேவ் மக்ரானலுக்கு மகள், டைக்குக்கு மருமகள். அவளிடமிருந்து யார் பிடுங்குவது? டைக் கத்தியைப் பார்த்தார், கறியைப் பார்த்தார், கறியை வெட்டினார். "எங்க அப்பாவுக்கும் சிரிக்கத்தான் பிடிக்கும்" என்று மூக்கைச் சிந்தினார்.

மக்ரானல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீடு உண்டு. ஆனா இவனுக்கு இல்ல. இந்தம்மா பேர்ல."

மறுநாள் காலை திரும்பினோம். ஃபெலிம் குதிரையில், நானும் சோர்சாவும் நடையில். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் சோர்சா, இத்தனை வருஷமா அந்த மெட்டைக் கேட்கிறேன். இந்த நாலு வரி என் காதுல விழுந்ததே இல்லியே. எப்பப் போட்டான்?"

"அவரு எங்கண்ணே போட்டாரு? கதவைத் திறந்துட்டு வர்றப்ப நான் போட்டேன்."

நான் நின்றுவிட்டேன். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த நாலாம் வரி ஞாபகம் வந்தது. அதை அவனுக்காக இவளே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அவனை அப்படியே சேற்றில் தள்ளியிருப்பேன்.

இதெல்லாம் ஃபெலிம் காதில் விழுந்தது. குதிரை மேலிருந்தே கேட்டான். "ஊர்ல எல்லார் பேரையும் அதுல வச்சேன். உன் பேரை வைக்க எனக்குத் தோணவே இல்லியா சோர்சா?"

"இல்ல."

"கோவமா?"

"அதான் நானே வச்சுக்கிட்டேனே."

ஃபெலிம் குதிரையை நிறுத்தினான். தட்டுத் தடுமாறி இறங்கினான். யாராவது கைகொடுக்கட்டும் என்று அவன் காத்திருந்து நான் பார்த்ததுண்டு. தானாக இறங்கிப் பார்த்ததில்லை.

"நீ ஏறு. பாட்டு கட்டுறவங்க நடக்கக் கூடாது."

அவள் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை, ஏறிவிட்டாள். ஃபெலிம் அவள் கால் வைத்திருந்த அங்கவடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தான். நான் கை நீட்டினேன், வேண்டாம் என்றான்.

"பள்ளம் வருது, வலப்பக்கம் வாங்க" என்றாள் மேலிருந்து.

வந்தான்.