துரியோதனன் சாகாத வருஷம்

முருகையன் மாமா குளித்துவிட்டு வந்தால் தலையைத் துவட்டுவார், எண்ணெய் தடவுவார், அப்படியே விட்டுவிடுவார். கொண்டை போட மாட்டார், வெட்டவும் மாட்டார். கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும்போது மட்டும் முடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். என் அக்கா தையல்நாயகியின் புருஷன் அவர். பக்கத்து வீட்டிலிருந்து பல வருஷமாக இதைப் பார்க்கிறேன்.

கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். சித்திரையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். திரௌபதி வேஷம் மாமாவுக்கு. டோப்பா வைத்தால் அம்மன் ஏற்க மாட்டாள் என்று சொந்த முடி வளர்த்தார். துகில் உரியும் கட்டத்தில், துரியோதனன் செத்தால்தான் கூந்தல் முடிப்பேன் என்று சபதம் போடுவார். அதிலிருந்து வீட்டிலும் அவிழ்ந்த தலைதான். கடைசி நாள் காலை படுகளம். தரையில் களிமண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் அவன் தொடையில் அடிப்பான், மாமா கூந்தலை முடிவார். அதன் பிறகுதான் நாங்கள் வீட்டுக்குப் போய் உலை வைப்போம்.

எண்பத்தைந்தில் எங்கள் பக்கத்து மந்திரி ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் விருத்தாசலம் துரியோதனனைப் பார்த்து, "மகாராசாவுக்கும் பெட்டு போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டான். அந்தச் சிரிப்பு ஸ்டேஷன் வரை போயிற்று. படுகளத்துக்கு முந்தின நாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார்.

"ராசா சாவுற கட்டம் வேணாம்யா. துரியோதனன் திருந்தி மன்னிப்புக் கேக்கட்டும். மங்களமா முடிச்சிடுங்க."

"அப்புறம் அம்மன் எப்பிடிங்க கூந்தல் முடியும்?" என்றார் மாமா.

"ஒரு ரிப்பன் வாங்கிக் கட்டிக்க."

மறுத்தால் தீமிதிக்கும் அனுமதி கிடையாது என்றார். தர்மகர்த்தா சீனுவாசன் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் செங்கொடிக் கட்சி அந்தோணிசாமியைச் சீண்டினார்கள். "உங்க ரஷ்யாவுலயும் நாடகத்த சர்க்கார்தான் திருத்துமாமே?" அவர் டீயைக் குடித்துவிட்டுக் காசை வைத்தார்.

காலையில் களிமண் உருவத்தைக் கலைத்து மேடாக்கி இருந்தார்கள். துரியோதனன் வேஷக்காரர் அதன்மேல் நின்று கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மத்தளக்காரர் அடிப்பதா வேண்டாமா என்று சீனுவாசனையே பார்த்தார்.

"முருகையா, ஜல்தி முடிப்பா. ஜீப்பு நின்னுக்கினு இருக்குது," என்றார் சீனுவாசன்.

மாமா பூச்சரத்தை வாங்கினார். முடியைக் கையில் சுருட்டினார். பிறகு சுருட்டியதை அவிழ விட்டுவிட்டார்.

"தொடையில அடி விழலிங்களே."

பூவைச் சீனுவாசன் கையிலேயே கொடுத்துவிட்டு, அவிழ்ந்த தலையோடு வீட்டுக்கு நடந்தார். தீமிதி நடந்தது. நானும் மிதித்தேன்.

குழாயடியில் அக்காவைக் கேட்டார்கள். "ஏண்டி, உன் வீட்டுல ரெண்டு பொம்பளையா?"

"ஆமாம். ஒருத்தி சமைக்கிறா, ஒருத்தி கோவமா இருக்கா."

அப்படிச் சொன்ன அக்கா வீட்டுக்குள் போய் அழுததையும் நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். பழையபடி அனுமதி கிடைத்தது. மாமா வேஷம் கட்ட மாட்டேன் என்றார். போட்ட சபதம் முடியாமல் அடுத்த சபதம் போடக் கூடாதாம். வேறு ஆள் கட்டினார். பீமன் அடித்ததும், சீனுவாசன் பூச்சரத்தோடு மாமாவிடம் வந்தார். "துரியோதனன் செத்துட்டாம்பா. நீயும் முடிஞ்சிக்க."

"அது இந்த வருஷத்து துரியோதனன்ங்க. என்னுது இன்னும் சாவல."

இப்போது மாமாவுக்கு எண்பது வயது. படுகளத்துக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார். முடி முழுக்க நரைத்துவிட்டது. அதை இன்னும் முடியவில்லை.