ஆடிட்டர் நம்பருக்கு வந்த நோட்டீஸ்

விராலிமலையில் சிமென்ட், கம்பி கடை வைத்திருக்கிறேன். வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் பதிந்தபோது எங்கள் ஆடிட்டர், "ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் ஒங்களக் கூப்பிட முடியாதுங்க, என் நம்பரையே போட்டுக்கிறேன்" என்றார். தொல்லை விட்டது என்று இருந்தேன். எங்கள் கடைத்தெருவில் எல்லோருக்குமே அவர் நம்பர்தான்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. குணமாகி வருவார் என்று காத்திருந்தேன். திடீரென்று என் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் ஆதார் வழியாக வரித்துறைத் தளத்தைத் திறந்தால், நோட்டீஸ் மேல் நோட்டீஸ். பதில் போகாததால், வங்கியில் போட்ட விற்பனைப் பணம் முழுவதையும் வருமானமாக எடுத்து, வரியோடு அபராதமும் விதித்திருந்தார்கள். கடையையே விற்றாலும் கட்டி முடியாது.

ஆடிட்டர் வீட்டுக்கு ஓடினேன். கட்டிலருகே அவர் போன் இருந்தது. "சார்ஜ் போட்டுத்தாங்க வச்சுருக்கேன். மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. சத்தம் கேட்டா அவரு கண்ணு மட்டும் அங்கிட்டுத் திரும்புது" என்றார் அவர் மனைவி.

இப்போது என் நம்பரைப் பதிந்து, தினமும் கடை திறந்ததும் நானே தளத்தைப் பார்க்கிறேன். அப்பீல் போட்டிருக்கிறேன், நம்பிக்கை இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடமும் நம்பரை மாற்றச் சொன்னேன்.

"ஆடிட்டர் எந்திரிச்சு வரட்டுங்க, பாத்துக்கலாம்" என்கிறார்.